விரிதாளும் கூலிக் கணக்கும்

"எனக்கு இந்தத் தொகை எவ்வாறு வந்தது?" என்று அங்கத்தினர் ஒருவர் எழுந்து கேட்டால், அதற்குத் தெளிவான விடை தரும் சங்கமே நல்ல சங்கம். 1844ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் சிலரும் பிற தொழிலாளரும் கூடித் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம், கணக்கையும் ஐந்தொகையையும் அடிக்கடி அங்கத்தினர்முன் வைப்பதைத் தன் நெறிகளுள் ஒன்றாகக் கைக்கொண்டது. அந்நெறி இன்றும் நமக்கு உரியதே. ஆனால், குமாஸ்தாவின் மேசைமேல் இருந்த பேரேட்டின் இடத்தில் இன்று பல சங்கங்களில் கணிப்பொறியும், அதனுள் விரிதாளும் வந்துவிட்டன. பேரேட்டைப் படிக்கத் தெரிந்த அங்கத்தினர் விரிதாளையும் படிக்கத் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகிறது.

விரிதாள் என்பது யாது? கணக்குப் புத்தகத்தின் பக்கத்தைப்போலக் குறுக்கும் நெடுக்கும் கோடிட்ட தாளே அது. மேலிருந்து கீழே இறங்குவது பத்தி. இடமிருந்து வலமாகச் செல்வது வரி. இரண்டும் கூடும் இடம் கட்டம். புத்தகத்தின் கட்டத்தில் எண்ணை மட்டுமே எழுதலாம். விரிதாளின் கட்டத்திலோ ஒரு விதியையும் எழுதலாம். '=' என்னும் குறியிட்டுத் தொடங்கி, இந்தக் கட்டத்தை அந்தக் கட்டத்தால் பெருக்குக என்று எழுதிவிட்டால், எண்கள் மாறும்போதெல்லாம் விடையும் தானே மாறும். இவ்விதிக்குச் சூத்திரம் என்று பெயர்.

அமெரிக்காவில் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராயிருந்த டான் பிரிக்ளின் என்பவரும், பாப் ஃபிராங்க்ஸ்டன் என்பவரும் சேர்ந்து 1979இல் ஆப்பிள் 2 கணிப்பொறிக்கென 'விசிகால்க்' என்னும் விரிதாளை வெளியிட்டனர். ஓர் எண் மாறினால் தாள் முழுவதையும் அழித்தெழுத வேண்டிய தொல்லை அன்றோடு தீர்ந்தது. 'எக்ஸெல்' 1985இல் வந்தது. விலையின்றிக் கிடைக்கும் 'லிப்ரே ஆஃபிஸ் கால்க்' என்பதும் இவ்வேலைக்குப் போதுமானதே.

முதலில் காகிதத்தில் போடுக

கணிப்பொறியைத் திறக்குமுன் ஒரு நெசவாளரின் ஒரு மாதக் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பார்ப்போம். எண்கள் யாவும் உதாரணத்திற்காக வைத்துக்கொண்டவை.

மாதத் தொடக்கத்தில் அவர் கையிருப்பு நூல் 1.250 கிலோ. சங்கம் வழங்கியது 9.000 கிலோ. அவர் கொடுத்த சேலைகள் 18. ஒரு சேலையின் நூல் எடை 0.450 கிலோ, ஆகவே துணியாக வந்தது 8.100 கிலோ. சேதாரம் நூற்றுக்கு 2 வீதம் 0.162 கிலோ. மாத முடிவில் அவர்பால் இருக்க வேண்டிய நூல் 1.988 கிலோ.

சேலைக்குக் கூலி 600 ரூபாய். ஆகவே மொத்தக் கூலி 10,800 ரூபாய். சேமிப்புப் பிடித்தம் ரூபாய்க்கு 8 காசு வீதம் 864 ரூபாய். முன்பணத் தவணை 1,000 ரூபாய். கையில் பெறுவது 8,936 ரூபாய்.

இவ்வளவையும் ஒருவர் காகிதத்தில் போடக் கூடுமானால், அவர் விரிதாளின் பெரும்பகுதியைக் கற்றுவிட்டார் என்றே கூறலாம். காகிதத்தில் போட இயலாத கணக்கைக் கணிப்பொறியும் சரியாகப் போடாது. பாவுக்கு ஏற்றும் கஞ்சியின் எடையைக் கழிக்கும் வழக்கம் உண்டா? ஊனமான சேலைக்குக் கூலி குறைப்பதுண்டா? இவற்றையெல்லாம் முடிவு செய்ய வேண்டியது நிர்வாக சபை. முடிவு செய்யாமல் விட்டால், தாளை அமைப்பவர் தம் மனம்போல் முடிவு செய்துவிடுவார்.

மூன்று தாள்கள்

இக்கணக்கிற்கு மூன்று தாள்கள் போதும். முதலாவது அங்கத்தினர் தாள்: எண், பெயர், தறியின் வகை. ஒரே பெயருடையார் இருவர் இருத்தல் இயல்பு. ஆதலால் மற்றத் தாள்களில் அங்கத்தினர் எண்ணைக்கொண்டே ஆளை அறிய வேண்டும். இரண்டாவது விகிதத் தாள்: சேலையின் ரகம், நூல் எடை, சேதார வீதம், கூலி, அக்கூலி நடைமுறைக்கு வந்த தேதி. மூன்றாவது நடப்புத் தாள்: ஒரு நிகழ்ச்சிக்கு ஒரு வரி. இன்ன தேதியில், இன்ன எண்ணுடைய அங்கத்தினருக்கு நூல் வழங்கியது, அல்லது அவரிடமிருந்து சேலை வந்தது, அல்லது அவருக்கு முன்பணம் கொடுத்தது. கூலிப் பட்டியலைத் தனியே தட்டச்சு செய்தல் கூடாது. அது இம்மூன்று தாள்களிலிருந்து சூத்திரங்களால் பிறக்க வேண்டும்.

விகிதத் தாளில் தேதி எதற்கு என்று சிலர் கேட்கலாம். கூலி 600இலிருந்து 630 ஆக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கட்டத்தில் உள்ள 600ஐ அழித்து 630 என்று எழுதினால், சென்ற மாதங்களின் பட்டியல்களும் அக்கணமே மாறிவிடும். கொடுத்த தொகை ஒன்றும் தாள் காட்டும் தொகை வேறொன்றுமாக நிற்கும். தணிக்கையாளர் வரும்போது இது பெருஞ்சிக்கலாகும். ஆகையால் பழைய விகிதத்தை அழிக்காமல், புதிய விகிதத்தைத் தேதியுடன் அடுத்த வரியில் எழுத வேண்டும்.

விளைவிப்போர் சங்கங்களுக்கும் இம்முறையே பொருந்தும். நெசவாளரின் இடத்தில் பயிரிடுவோர். சேலையின் ரகத்திற்குப் பதில் விளைபொருளின் தரம். சேதாரத்தின் இடத்தில் ஈரத்திற்கும் தூசிக்கும் செய்யும் கழிவு. ஒரு நிறுவைக்கு ஒரு வரி என்பதே அங்கும் விதி.

பிழை புகும் வழிகள்

விரிதாளில் பிழைகள் ஓசையின்றிப் புகுகின்றன. அவற்றுள் நான்கை அறிந்து வைத்தல் நலம்.

ஒன்று, எண் இருக்க வேண்டிய கட்டத்தில் '9 கிலோ' என்று எழுதுவது. கணிப்பொறி அதை எண்ணாகக் கொள்ளாது. 'சம்' என்னும் கூட்டற் சூத்திரம் அக்கட்டத்தைச் சொல்லாமலே விட்டுவிடும். அளவின் பெயரைத் தலைப்பில் எழுதி, கட்டத்தில் எண்ணை மட்டும் எழுதுக.

இரண்டு, தேதி. 3/4 என்று எழுதினால் நாம் ஏப்ரல் 3 என்போம். அமெரிக்க முறையில் அமைந்த கணிப்பொறி மார்ச் 4 என்று கொள்ளும். அமைப்பை முதலிலேயே நம் முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

மூன்று, சூத்திரத்தைக் கீழே நகல் செய்யும்போது அது சுட்டும் கட்டங்களும் ஒவ்வொரு வரியாகக் கீழே நகரும். சேமிப்பு வீதம்போல எப்போதும் ஒரே கட்டத்தைச் சுட்ட வேண்டியதற்கு டாலர் குறியிட்டு அதை நிலைநிறுத்த வேண்டும்.

நான்கு, கூட்டல் எல்லா வரிகளையும் தழுவாமை. இது பெரிய அறிஞர்க்கும் நேர்ந்ததுண்டு. கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் என்னும் பொருளாதார அறிஞர்கள் 2010இல் நாடுகளின் கடனையும் வளர்ச்சியையும் பற்றிய கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். 2013இல் தாமஸ் ஹெர்ண்டன் என்னும் மாணவர் அவர்களிடமிருந்தே விரிதாளைப் பெற்றுச் சரிபார்த்தார். சராசரி காணும் சூத்திரம் 20 நாடுகளுள் 5 நாடுகளின் வரிகளை விட்டுவிட்டிருந்ததைக் கண்டார். அறிஞர்களும் அப்பிழையை ஒப்புக்கொண்டனர். மாணவர் ஒருவர் அதைக் காண முடிந்ததற்குக் காரணம், விரிதாள் அவர் கைக்கு வந்ததும் சூத்திரங்கள் கண்ணுக்குத் தெரிந்ததுமே ஆகும்.

பிறரைக்கொண்டு செய்விக்கும்போது

சங்கத்தில் தகுந்தவர் இல்லாவிடில், கூலி கொடுத்து வெளியாரைக்கொண்டு விரிதாள் அமைத்துக்கொள்வதில் தவறில்லை. ஆனால், தாளை அமைக்கும் வேலையைத்தான் பிறரிடம் விடலாம். கணக்கை அறியும் பொறுப்பை விட முடியாது. சூத்திரங்களைப் பூட்டிக் கடவுச்சொல்லைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் ஒருவரிடம் சங்கம் அகப்பட்டுக்கொண்டால், கூலி விகிதம் மாறும்போதெல்லாம் அவர் வாயிலில் காத்து நிற்க நேரும். அவர் ஊரை விட்டுப் போய்விட்டால் அந்த மாதக் கூலி தடைப்படும். ஆகவே வேலை ஒப்படைக்குமுன் பின்வருவனவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும்.

காகிதத்தில் போட்ட மாதிரிக் கணக்கை அவரிடம் கொடுக்க வேண்டும். அங்கத்தினரின் உண்மைப் பெயர்களையும் வங்கிக் கணக்கு எண்களையும் கொடுத்தல் ஆகாது. கற்பனைப் பெயர்கள் போதும். சூத்திரங்கள் யாவும் சங்கத்தின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கடவுச்சொல் சங்கத்திடம் இருக்க வேண்டும். காரியதரிசி, குமாஸ்தா ஆகிய இருவரேனும் அதை இயக்கப் பழக வேண்டும். ஒரு பக்க அளவில் தமிழில் விளக்கக் குறிப்பு வேண்டும். முடிந்த மாதங்களின் பட்டியல்களுள் மூன்றையேனும் அதில் இட்டுச் சோதிக்க வேண்டும். அவற்றுள் ஒரு சேலையும் நெய்யாதவர் கணக்கு ஒன்றும், நூலைத் திருப்பிக் கொடுத்தவர் கணக்கு ஒன்றும், கூலியினும் தவணை மிகுந்தவர் கணக்கு ஒன்றும் இருத்தல் நன்று. ஒரு மாதம் பழைய பேரேடும் புதிய தாளும் ஒருங்கே நடந்து, காசு பிசகாமல் ஒத்த பின்னரே முழுத்தொகையைக் கொடுக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பேரேட்டில் அடித்துத் திருத்தினால் அடி தெரியும். விரிதாளில் எண்ணை மாற்றினால் பழையது மறைந்துவிடும். ஆதலால் மாத முடிவில் பட்டியலை அச்சிட்டுக் கையொப்பமிட்டுக் கோப்பில் வைப்பதும், கோப்பின் நகலொன்றை வேறிடத்தில் காப்பதும் கட்டாயம். சட்டப்படி வைக்க வேண்டிய பதிவேடுகளுக்கு விரிதாள் துணையேயன்றி மாற்று ஆகாது.

படிப்பு வட்டத்திற்குப் பயிற்சி

1. மேற்கூறிய நெசவாளர் அடுத்த மாதம் 8.000 கிலோ நூல் பெற்று 16 சேலைகள் கொடுக்கிறார். மற்ற விகிதங்கள் மாறவில்லை. மாத முடிவில் நூல் இருப்பு எவ்வளவு? கையில் பெறும் கூலி எவ்வளவு?

2. அம்மாதம் 10 சேலைகள் வந்த பின் கூலி 630 ரூபாயாக உயர்ந்து, எஞ்சிய 6 சேலைகளுக்கு அவ்வுயர்வு பொருந்துமானால், கையில் பெறுவது எவ்வளவு?

3. நம் சங்கத்தின் கூலிப் பட்டியலில் ஒரு தொகையை எடுத்துக்கொண்டு, அது பிறந்த வழியை முதல் எண் வரை பின்னோக்கித் தேடுக.

முதற் கேள்விக்கு விடை 2.644 கிலோவும் 7,832 ரூபாயும். இரண்டாவதற்கு 7,997 ரூபாய் 60 காசு. மூன்றாவதற்கு விடை அவரவர் சங்க அலுவலகத்தில் இருக்கிறது. அடுத்த கூலி நாளன்று அங்கத்தினர்கள் அங்கே சென்று கேட்டறிவார்களாக.