வீட்டுத் தொழில்களும் நகராட்சி விதிகளும்

குடியிருப்புத் தெரு என்றால் மக்கள் உண்பதும் உறங்குவதும் மட்டுமே அங்கு நடக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் தெருவிலுள்ள 22 வீடுகளில் 7 வீடுகளில் ஏதேனும் ஒரு தொழில் நடைபெறுகிறது. ஒரு வீட்டில் தையல், ஒன்றில் இட்லி மாவு, இரண்டில் பூக்கட்டுதல், ஒன்றில் டியூஷன், ஒன்றில் இஸ்திரி, மற்றொன்றில் ஊறுகாய். செய்பவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். கைக்குழந்தையையோ, படுக்கையில் கிடக்கும் மாமியாரையோ விட்டுவிட்டு வேலைக்குச் செல்ல இயலாதவர்கள். எனவே குடியிருப்பு வீட்டில் தொழில் செய்யலாமா, கூடாதா என்பது அவர்கள் வீட்டு அடுப்பு எரிவதைப் பற்றிய கேள்வி.

இதில் நகராட்சிக்கு என்ன வேலை? நம் மாநிலத்து நகராட்சிகளை நெடுங்காலம் நடத்தி வந்தது 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிகள் சட்டம். சில காரியங்களுக்கு ஓரிடத்தைப் பயன்படுத்த வேண்டுமானால் உரிமம் பெற வேண்டும் என்றது அதன் 249ஆம் பிரிவு. அதற்கான பட்டியலில் வெடிமருந்து, தோல், வைக்கோல் போன்றவை இருந்தன. ஆகவே சட்டம் அஞ்சியது ஒருவர் வீட்டிலிருந்து பணம் சம்பாதிப்பதைக் கண்டு அன்று; நெருப்பையும் நாற்றத்தையும் நோயையும் கண்டுதான். அடுத்த 250ஆம் பிரிவு நீராவியாலோ மின்சாரத்தாலோ இயங்கும் தொழிற்கூடங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்றது. ஆட்டுக்கல் இருந்தவரை அந்தப் பிரிவுக்கு வேலையில்லை. மோட்டார் வந்தால் நகராட்சியும் கூடவே வந்துவிடும்! 2023 ஏப்ரல் 13 முதல் இப்பழைய சட்டத்தின் இடத்தில் 1998ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. தொழில் உரிமம் வழங்கும் பொறுப்பு உள்ளாட்சியிடமே இருக்கிறது.

எந்த இடம் குடியிருப்பு, எந்த இடம் வணிகம் என்று பிரிப்பது மற்றொரு வேலை. தலைநகரையே எடுத்துக்கொள்வோம். 2008இல் வெளியான சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம், முதன்மைக் குடியிருப்புப் பகுதிகளிலும் சில சிறு தொழில்களை அனுமதித்தது. பெட்டிக்கடை, பால் நிலையம், சைக்கிள் பழுதுபார்க்கும் கடை, ஒருவர் மட்டும் தைக்கும் தையற்கடை ஆகியவை அவற்றுள் சில. "ஏன் ஒருவர் மட்டும்?" என்று வகுப்பில் சிஸ்டர் கேட்டார்கள். இரண்டு தோழியர் சேர்ந்து தைத்தால் என்ன குற்றம் என்றுதான் முதலில் எங்களுக்கும் தோன்றியது. ஆனால் நான்கு இயந்திரம், நான்கு ஆள், வாசலை அடைத்து நிற்கும் வாடிக்கையாளர் வண்டிகள் என்று வளர்ந்தால் அது வீடாக இராது. எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும்.

அண்டை வீட்டாரின் பக்கமும் நியாயம் உண்டு. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவாகவே கொள்ளப்படும். காலை நான்கு மணிக்குப் பெரிய கிரைண்டர் ஓடினால் அடுத்த வீட்டில் பொதுத் தேர்வுக்குப் படித்துவிட்டுப் படுத்த பெண் என்ன செய்வாள்? அதற்காக மாவு விற்பவரின் பிழைப்பையே நிறுத்துவது சரியன்று என்பது என் கருத்து. அரைக்கும் நேரத்தை மாற்றச் சொல்லலாம்; கிரைண்டரைப் பொதுச் சுவரிலிருந்து தள்ளி, ரப்பர் விரிப்பின் மேல் வைக்கச் சொல்லலாம்.

உணவுப் பண்டம் செய்பவர்களுக்கு மற்றொரு விதியும் உண்டு. ஆண்டு விற்பனை 12 இலட்சம் ரூபாய்க்கு மேற்படாத சிறு உணவுத் தொழிலுக்குப் பதிவு செய்தாலே போதும் என்று 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் கூறின. கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்று அவை வகுத்தன. நூறு ரூபாய் பெரிதன்று. எங்கே, எப்படிக் கட்டுவது என்று தெரியாததே பெரிது. நகராட்சி வாசலில் இதைத் தமிழில் ஒரு பலகையில் எழுதி வைத்தால் எத்தனையோ பேர் அச்சமின்றிப் பதிவு செய்துகொள்வர்.

1959இல் பம்பாயில் கிர்காம் பகுதியில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி, தாங்கள் குடியிருந்த கட்டடத்தின் மொட்டை மாடியில் அப்பளம் இட்டனர். அதுவே லிஜ்ஜத் நிறுவனமாக வளர்ந்தது. அங்கு மாவு பிசைவது கிளை நிலையத்தில் நடக்கிறது. பெண்கள் காலையில் மாவை வாங்கிச் சென்று, வீட்டில் அப்பளமாக இட்டு மறுநாள் கொண்டு வந்து கொடுக்கிறார்கள். சத்தமும் கூட்டமும் உள்ள வேலை வெளியே; அமைதியான கைவேலை வீட்டில். நம் நகராட்சிகளும் வார்டுக்கு ஒரு பொது அரவைக்கூடம் கட்டிக் கொடுத்தால் பாதித் தகராறு தீர்ந்துவிடும்.

தீப்பெட்டித் தொழிலிலும் இத்தகைய பிரிவினை இருந்தது. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கம் வெறும் பெட்டி ஒட்டும் வேலையைப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் செய்தார்கள். அதனால் அண்டை வீட்டாருக்கு ஆபத்தில்லை. பட்டாசுக்கு மருந்து நிரப்புவது அப்படியன்று. வெடிபொருள் விதிகள், 2008இன்படி அதை உரிமம் பெற்ற ஆலை வளாகத்தில்தான் செய்ய வேண்டும். அந்த உரிமத்தை நகராட்சி கொடுக்கவும் முடியாது. வீட்டுக்காரர் சம்மதித்தாலும், தெருவார் எல்லோரும் கையெழுத்திட்டாலும், குடியிருக்கும் வீட்டில் அதற்கு அனுமதி இல்லை. அவ்வாறு இரகசியமாகச் செய்த வீடுகள் வெடித்து உயிர்கள் பலியான செய்திகள் விருதுநகர் மாவட்டத்திலிருந்து ஒருமுறையன்று, பலமுறை வந்துள்ளன.