குழந்தையின் கண்ணுக்குத் தெரியாத கயிறு

தவழத் தொடங்கிய குழந்தை ஒன்றை அரைமணி நேரம் உற்றுப் பாருங்கள். கந்தர்வக்கோட்டைப் பக்கத்து முந்திரித் தோப்பு ஒன்றில் தாய் கொட்டை பொறுக்கிக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். அருகில், நிழலில் விரித்த சாக்கின்மேல் குழந்தை. உதிர்ந்து கிடக்கும் பழம் ஒன்று கண்ணில் படுகிறது. நான்கடி தவழ்ந்து போகிறது. திரும்பிப் பார்க்கிறது. தாய் சிரித்தால் இன்னும் நான்கடி. எங்கோ நாய் குரைத்தால் போதும், விரைந்து மடிக்கு வந்துவிடும். சற்று நேரத்தில் பயணம் மீண்டும் தொடங்கும்.

தாயையும் சேயையும் ஏதோ ஒரு கயிறு இணைத்திருப்பதுபோல் தோன்றுகிறதல்லவா? உளவியலார் இதைப் பாசப்பிணைப்பு என்பர். அது எப்படி இயங்குகிறது என்று காண்போம்.

பாலா, பிடிமானமா?

பால் கொடுப்பவளைக் குழந்தை விரும்புகிறது, அவ்வளவுதான் என்று முன்பு பலர் கருதினர். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஹார்லோ என்பவர் இக்கருத்தைச் சோதித்தார். தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று கம்பியால் ஆனது. மற்றொன்று மெத்தென்ற துணி சுற்றியது. பால் புட்டி கம்பித் தாயிடம் இருந்தபோதும், குட்டிகள் பாலைக் குடித்துவிட்டுத் துணித் தாயிடமே ஓடின. பயமுறுத்தும் பொருளைக் காட்டினால் துணித் தாயை இறுகப் பற்றிக்கொண்டன. பயம் தெளிந்ததும் அங்கிருந்தபடியே அப்பொருளை ஆராயத் தொடங்கின. இம்முடிவுகள் 1958இல் வெளியாயின.

ஆனால் துணித் தாய் பதில் சொல்லாதே! இப்படி வளர்ந்த குரங்குகள் பிற்காலத்தில் தம் இனத்தோடு பழகத் தெரியாமல் தவித்தன. கொடுமையான சோதனைதான், இன்று இதற்கு எளிதில் அனுமதி கிடைக்காது. எனினும் உணவு மட்டும் போதாது என்பதை அது ஐயமின்றிக் காட்டியது.

இஸ்திரிப் பெட்டி கற்பிக்கும் பாடம்

இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி (1907–1990) இப்பிணைப்பை விளக்கப் பொறியியலின் துணையை நாடினார். 1969இல் வெளியான தம் நூலில் பின்னூட்டம் என்னும் கருத்தை அவர் எடுத்தாண்டார்.

பின்னூட்டம் என்றால் என்ன? உங்கள் வீட்டு மின் இஸ்திரிப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். குமிழைத் திருகி ஓர் அளவில் வைக்கிறோம். சூடு அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் ஈருலோகப் பட்டை வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கிறது. சூடு குறைந்தால் பட்டை நிமிர்ந்து சுற்றை மூடுகிறது. விளைவு திரும்பி வந்து காரணத்தையே திருத்துகிறது. இதுவே பின்னூட்டம்.

குழந்தைக்கும் இப்படி ஒரு குமிழ் உண்டு. அது வைக்கும் அளவு சூடன்று. தாய்க்கும் தனக்கும் உள்ள தூரம். தூரம் அதிகமானால் அழுகை, கைநீட்டல், தவழ்தல். போதிய அளவு நெருங்கியதும் இவை நின்றுவிடும். பட்டுச் சேலைக்கும் பருத்திச் சட்டைக்கும் நாம் குமிழை மாற்றி வைப்பதுபோல், குழந்தையின் குமிழும் நேரத்துக்கேற்ப மாறும். காய்ச்சல், தூக்கம், இருட்டு, புதிய முகம் என்றால் தூரம் சுருங்கி மடியளவு ஆகிவிடும். அச்சமில்லாதபோது முற்றமெல்லாம் அதன் எல்லை.

இதிலிருந்து முக்கியமான உண்மை ஒன்று பெறப்படுகிறது. திரும்பி வர இடம் உண்டு என்ற நம்பிக்கை உள்ள குழந்தையே தொலைவு போகும். தொலைவு போகும் குழந்தையே பலவற்றைத் தொட்டு, சுவைத்து, உருட்டிக் கற்கும்.

தூக்கினால் கெட்டுவிடுமா?

"அழும்போதெல்லாம் தூக்காதே, கைச்சூடு பழகிவிடும்" என்று பெரியவர்கள் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மேரி ஐன்ஸ்வொர்த் என்ற ஆய்வாளரும் அவருடைய சகாவும் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குழந்தைகளை முதல் ஆண்டு முழுவதும் வீட்டிலேயே கவனித்தனர். அழுகைக்கு விரைந்து பதில் கிடைத்த குழந்தைகள் ஆண்டின் இறுதியில் குறைவாகவே அழுதன என்று 1972இல் எழுதினர். 1991இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வு ஒன்றில் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆகவே, ஒவ்வொரு சிணுங்கலுக்கும் பதறி ஓட வேண்டும் என்று பொருளல்ல. குழந்தை காட்டும் குறிப்பை உணர்ந்து, பெரும்பாலும் நம்பத்தக்க வகையில் பதிலளிப்பதே பாசப்பிணைப்பை உறுதியாக்குகிறது.

பதில் நம்பத்தக்க வகையில் கிடைக்காவிட்டால்? சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டே இருக்கும், தூக்கினாலும் அடங்கா. வேறு சில, தாய் திரும்பி வந்தாலும் கவலையே இல்லாததுபோல் விளையாடும். ஆனால் அவற்றின் இதயத் துடிப்பை அளந்தபோது உள்ளே பதற்றம் இருந்தது தெரிந்தது. அழாத குழந்தையெல்லாம் அமைதியான குழந்தை என்று எண்ணிவிடக் கூடாது.

தாய் மட்டும்தானா?

ஐன்ஸ்வொர்த் தம் முதல் களஆய்வை 1954–55இல் ஆப்பிரிக்காவின் உகாண்டா நாட்டுக் கிராமங்களில் செய்தார். அங்கும் நம் ஊர்களைப் போலவே தாய்மார் வயலுக்குப் போவர். குழந்தையைப் பிறரும் பார்த்துக்கொள்வர். குழந்தைகள் தாயோடு மட்டுமின்றி, தந்தை, பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோருடனும் பிணைப்புக் கொள்வதை அவர் கண்டார். ஆட்கள் பலராக இருப்பது குறையன்று. நாளுக்கொருவராக மாறிக்கொண்டே இருப்பதுதான் குறை.

ஆனால் இதில் நாம் மறைக்கக் கூடாத செய்தி ஒன்று உண்டு. அம்மா கூலி வேலைக்குப் போகும் வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கு மட்டம் போடுபவள் பெரும்பாலும் அக்காதான். குழந்தைக்குத் துணை வேண்டும் என்பது உண்மை. அதற்காக இன்னொரு குழந்தையின் படிப்பு பறிபோவது நியாயமா?

இன்னுமொரு பணியாளர்

நம் ஊர்களில் இன்றும் பால்வாடி என்று சொல்லப்படும் அங்கன்வாடி இதற்கு ஒரு விடை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று, நாட்டில் 33 இடங்களில் தொடங்கியது. தமிழகச் சிற்றூர்களில் 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு 1982 ஜூலை முதல் மையங்களில் சத்துணவு கிடைத்தது. சோறு வந்துவிட்டது, கவனிப்பு?

ஒரே பணியாளர் பாடமும் சொல்லி, எடையும் பார்த்து, பதிவேடும் எழுதினால் குழந்தைகளுடன் பேச எவ்வளவு நேரம் மிஞ்சும்? பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவர் குழுவினரும் தமிழ்நாட்டில் 320 அங்கன்வாடிகளைத் தேர்ந்தெடுத்தனர். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு மட்டும், கற்பிப்பதற்கென்றே அரைநேரப் பணியாளர் ஒருவர் கூடுதலாக அமர்த்தப்பட்டார். அம்மையங்களில் முன்பருவக் கல்விக்குக் கிடைத்த நேரம் இருமடங்கானது. ஒன்றரை ஆண்டில் குழந்தைகளின் கணக்கும் மொழியும் முன்னேறின. கடும் ஊட்டக்குறைவும் குறைந்தது. இந்த ஆய்வு பாசப்பிணைப்பை அளக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். எனினும், ஒரு மனிதரின் நேரமும் கவனமும் குழந்தைக்கு எவ்வளவு பெரிய செல்வம் என்பதை அது எண்களால் காட்டுகிறது.

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு வயதையொட்டிய குழந்தை இருந்தால், பெரியவர்களிடம் சொல்லிவிட்டு 20 நிமிடம் கவனியுங்கள். குழந்தை தாயை விட்டு எத்தனை அடி தூரம் போயிற்று, எத்தனை முறை திரும்பிப் பார்த்தது என்று குறியுங்கள். விருந்தினர் வந்திருக்கும் நாளிலும், தூக்க நேரத்திலும் இதையே செய்யுங்கள். சோதனைக்காகக் குழந்தையைத் தனியே விடவோ பயமுறுத்தவோ கூடாது. மூன்று அட்டவணைகளையும் ஒப்பிட்டு, கயிற்றின் நீளம் எப்போது கூடிற்று, எப்போது குறைந்தது, ஏன் என்று வகுப்பில் விவாதியுங்கள்.