வார்ஃபரின் எடுப்பவர் வாக்கிங் போகலாமா?

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் கிறிஸ் பாஷுக்கு 2015-ல் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது. சிகிச்சை முடிந்து களம் திரும்பியவருக்கு மறு ஆண்டே மறுபடியும் கட்டி. அத்தோடு அவருடைய ஆட்டம் நின்றுபோனது. கூடைப்பந்தில் முழங்கை இடிக்கும், ஓடுகிற வேகத்தில் தரையில் விழ நேரும். வார்ஃபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு அது ஒத்துவராது.

இதைக் கேட்டுவிட்டு நடைப்பயிற்சியையே கைவிடுபவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. இந்த மருந்து எடுப்பவருக்கு முக்கிய ஆபத்து வியர்வையிலோ மூச்சிரைப்பிலோ இல்லை. விழுவதிலும் அடிபடுவதிலும் இருக்கிறது. நம் நாட்டில் வாதக் காய்ச்சலால் இதய வால்வு கெட்டு, செயற்கை வால்வு பொருத்திக்கொண்டவர்கள் ஏராளம். திருவனந்தபுரத்தில் உருவான சித்ரா வால்வு 1990-ல் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அத்தகைய உலோக வால்வு உள்ளவர் ஆயுள் முழுக்க இந்த மாத்திரை எடுக்க வேண்டும். அவரை வீட்டார் “அலட்டிக்காம உட்காருங்க” என்று நாற்காலியிலேயே வைத்திருப்பது அன்புதான். ஆனால் அசையாத கால்களின் தசை தளர்கிறது, தள்ளாட்டம் கூடுகிறது, கடைசியில் விழுவதற்கான வாய்ப்புதான் அதிகமாகிறது.

முதல் வேலை, எந்த மாத்திரை என்று தெரிந்துகொள்வது. வார்ஃபரின், அசெனோகூமரால் என்றால், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை உண்டு. பலருக்கு அந்த எண் 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். சில உலோக வால்வுகளுக்கு இன்னும் சற்று அதிகம். உங்களுக்கான எண்ணை மருத்துவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எண் கட்டுக்குள் வந்தபின் பயிற்சியைத் தொடங்குவது நல்லது. டாபிகட்ரான், ரிவரோக்ஸபான், அபிக்ஸபான் எடுப்பவர்களுக்கு இந்தப் பரிசோதனை வழக்கமாகத் தேவைப்படாது. ரத்தக்கசிவு எச்சரிக்கை மட்டும் எல்லோருக்கும் பொது. பயிற்சி நாளென்று மாத்திரையைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்து, மருத்துவரின் அனுமதி. புதிதாக ரத்தக்கட்டி வந்தவரும், நெஞ்செலும்பைத் திறந்து அறுவைசிகிச்சை செய்துகொண்டவரும் எப்போது தொடங்கலாம், எவ்வளவு எடை தூக்கலாம் என்று கேட்காமல் எதையும் செய்யக் கூடாது.

அனுமதி கிடைத்ததும் காலையில் 10 நிமிடம், மாலையில் 10 நிமிடம் நடை. வாரம்தோறும் கொஞ்சம் கூட்டி, வாரத்துக்கு 150 நிமிடத்தை எட்டலாம். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி. இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையும் சேர்ந்திருந்தால் கைக்கடிகாரம் காட்டும் துடிப்புக் கணக்கை நம்ப வேண்டாம். நடையைத் திடீரென்று இரட்டிப்பாக்கினால் ஐ.என்.ஆர். மாறக்கூடும்; அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

பூங்காவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதையில் வெறுங்காலோடு நடப்பது இப்போது பரவலாகிவிட்டது. இந்த மருந்து எடுப்பவர்களுக்கு அது வேண்டாம். வழுக்காத ஷூ, விடிந்தபின் நடை, மேடுபள்ளமில்லாத பாதை போதும். நீச்சல், வீட்டுக்குள் ஓட்டும் சைக்கிள், மூச்சை அடக்காமல் தூக்கும் லேசான எடை, எளிய ஆசனங்கள் எல்லாம் ஏற்றவை. சிரசாசனம், கபடி, கால்பந்து, கராத்தே கூடாது. சாலையில் சைக்கிள் என்றால் ஹெல்மெட் இல்லாமல் ஏறக் கூடாது.

காயம் பட்டால்? சிராய்ப்பின் மேல் சுத்தமான துணியை வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கித் தூக்கிப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் பிழை. ஊமைக்காயம் என்றால் கன்றிய இடத்தின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து வைத்து, சில மணி நேரம் கழித்துப் பாருங்கள். நீலம் கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, தொடை கல்போல் இறுகினாலோ உடனே மருத்துவமனை. சுளுக்கு என்று எண்ணெய் போட்டு அழுத்தி நீவுவது இவர்களுக்கு ஆகவே ஆகாது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் வாங்கிப் போடவும் கூடாது. அவை வயிற்றில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம்.

தலையில் அடிபட்டால், வெளியில் கீறல்கூட இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் வரும்வரை காத்திருப்பது உயிருக்கே ஆபத்து. தார்போல் கறுத்த மலமும் சிவந்த சிறுநீரும் அதே அவசரம்தான்.

ஒரு சீட்டில் மாத்திரையின் பெயர், அளவு, எதற்காக எடுக்கிறீர்கள், வீட்டாரின் தொலைபேசி எண் நான்கையும் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். நாளைக் காலை ஷூ மாட்டுவதற்கு முன் அந்தச் சீட்டு தயாராக இருக்கட்டும்.