ஸ்டவ் சத்தம் அடங்க, எரிபொருள் மிச்சமாக...

லீவு விட்டதும் வேன் பிடித்துக் கிளம்பி, போகிற வழியில் மரத்தடியில் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சாம்பார் சாதம் கிளறும் குடும்பமா நீங்கள்? இல்லை, ஏற்காடு, கொல்லிமலை என்று கூடாரம் போடப் போகும் பிள்ளைகளுக்கு மூட்டை கட்டித் தருகிறவரா? பரணிலிருந்து பம்பு ஸ்டவ்வை இறக்கும் முன் இதை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். அதிகம் கத்துகிற ஸ்டவ் பெரும்பாலும் அதிகம் குடிக்கிற ஸ்டவ்வாகத்தான் இருக்கும். ஒன்றைச் சரி செய்தால் மற்றதும் பாதி சரியாகிவிடும்.

1. பாத்திரத்தின் அடியைத் தாண்டித் தீ வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், காற்று அதிகம் அடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். காற்றுத் திருகை ஒரு நொடி மட்டும் தளர்த்தி உடனே முடுக்குங்கள். சத்தம் இறங்கும், பக்கவாட்டில் வீணாகும் எண்ணெயும் மிச்சம்.

2. நிப்பிளிலிருந்து சீறி வரும் எண்ணெய் ஆவி மேலே உள்ள தட்டில் மோதிச் சிதறி எரிவதால்தான் அந்த இரைச்சல். சத்தமில்லாத பர்னரில் தட்டுக்குப் பதில் பொடிப் பொடி ஓட்டைகள் போட்ட மூடி இருக்கும். வீட்டு கேஸ் அடுப்பு மாதிரி சின்னச் சின்னத் தீயாகப் பிரிந்து எரியும். ஸ்டவ் ரிப்பேர் கடையில் கேட்டுப் பாருங்கள். போகும்போது பழைய பர்னரையும் எடுத்துப் போனால், மரை பொருந்துகிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

3. புதுசு வந்துவிட்டது என்று பழைய பர்னரைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். கடற்கரையிலும் மலை முகட்டிலும் காற்றுக்கு ஈடுகொடுத்து நிற்பது அந்தச் சத்தக்காரன்தான். ஸ்டாக்ஹோமில் 1892-ல் பிரைமஸ் ஸ்டவ் பிறந்ததிலிருந்து அந்த அமைப்பு அதிகம் மாறவே இல்லை; உதிரி பாகம் குறைவு, தொல்லையும் குறைவு.

4. சத்தமில்லாத பர்னரின் மூடி கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தாலும் ஒரு பக்கம் மஞ்சளாக எரிந்து கரி கக்கும். ஆறிய பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் ஓட்டைகளைத் தேய்த்து, மூடி ஆடாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு முறை அசைத்துப் பாருங்கள்.

5. பற்றவைத்ததும் ‘பட் பட்’ என்று துப்பினால் பர்னர் இன்னும் சூடாகவில்லை. கிண்ணத்தில் ஊற்றிய ஸ்பிரிட் அணையப்போகும் தறுவாய் வரை பொறுத்து, அப்புறம் திருகை மூடி மெதுவாக நாலு பம்பு அடியுங்கள். அவசரப்பட்டால் அரை அடி உயரத்துக்கு மஞ்சள் தீ எழும்பும்.

6. கொரோனா சமயத்தில் வாங்கிக் குவித்த சானிடைசர் இன்னும் அலமாரியில் தூங்குகிறதா? ஆல்கஹால் கலந்த ஜெல் என்றால், பர்னரைச் சூடாக்க ஸ்பிரிட்டுக்குப் பதிலாகக் கிண்ணத்தில் விடலாம். ஜெல்லாக இருப்பதால் வழிந்தும் ஓடாது. பாட்டிலைத் தூரமாக வைத்த பிறகே குச்சியைக் கிழிக்க வேண்டும்.

7. நிப்பிள் அடைத்தால் கையில் கிடைத்த ஊசியை விட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை ஒரு முடி அளவு பெரிதானாலும் எண்ணெய் கூடுதலாகப் பாய்ந்து, இரைச்சலும் புகையும் சேர்ந்து வரும். அந்த அளவுக்கென்று விற்கும் ஸ்டவ் பின்தான் சரி. ஐந்தாறு பின்னைத் தீப்பெட்டிக்குள் போட்டு ஸ்டவ்வோடேயே வைத்துவிடுங்கள்.

8. தகரப் பெட்டி, மடக்கு மேஜை, வேனின் பின் தளம் எல்லாம் சத்தத்தை இரட்டிப்பாக்கும். இரண்டு செங்கல்லோ தட்டையான கல்லோ போட்டு அதன்மேல் வையுங்கள், பாதி இரைச்சல் அப்போதே அடங்கும். பாத்திர மூடி தடதடவென்று ஆடினால் மேலே ஒரு கூழாங்கல் போதும்.

9. காற்று வீசும் பக்கம் மட்டும் மறைப்பு வையுங்கள். அட்டையில் அலுமினியத் தாள் ஒட்டினால்கூட எண்ணெய் நன்றாக மிச்சமாகும், தீயும் படபடக்காது. ஆனால் கேஸ் டப்பாவின் மேலேயே பர்னரைத் திருகும் அடுப்புக்குச் சுற்றிலும் மறைப்பு கட்டவே கூடாது. வெப்பம் உள்ளே தேங்கி டப்பா வெடிக்க இடமுண்டு.

10. கேஸ் டப்பா அடுப்பு திடீர் திடீரென்று புஸ்ஸென்று பொங்கி எரிந்தால், டப்பா சாய்ந்து திரவம் அப்படியே பர்னருக்குப் போகிறது. முதலில் அணைத்து, சமதளமாகப் பார்த்து வைத்துவிட்டுத் திரும்பப் பற்றவையுங்கள். டப்பாவைப் படுக்கவைத்துப் பொருத்தும் அடுப்பாக இருந்தால், டப்பாவின் விளிம்பில் உள்ள வெட்டு, அடுப்பில் குறித்துள்ள இடத்தில்தான் பொருந்த வேண்டும்.

11. சத்தமே போடாத ஸ்டவ் அணைத்த ஸ்டவ்தான்! ஊறவைத்த பச்சரிசி நன்றாக ஐந்தாறு நிமிடம் கொதித்ததும் மூடி, இறக்கி, பழைய போர்வையில் இறுகச் சுற்றி வையுங்கள். முக்கால் மணி நேரத்தில் சாதம் தானாக வெந்திருக்கும்; பருப்பையும் முதல் நாளே ஊறவைத்துவிட்டால் எரிபொருளில் பெரிய பங்கு மிச்சம். நான் இந்த ஒன்றுக்கே முதல் மார்க் கொடுப்பேன், கூடவே பக்கத்துக் கூடாரத்துக்காரர்களின் நல்லெண்ணமும் இலவசம்.

12. எந்த எரிபொருள் என்ற கேள்விக்கு வருவோம். பத்துப் பேருக்குச் சமையல், இரண்டு மூன்று நாள் பயணம் என்றால் மண்ணெண்ணெயே கட்டுப்படியாகும். சூடு அதிகம், சட்டென்று தீப்பிடிக்காது. பர்னரை முதலில் சூடாக்க வேண்டியிருப்பதும் அதனால்தான்.

13. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை என்று பம்பு ஸ்டவ்வில் பெட்ரோலை ஊற்றுவதும், ‘கொஞ்சம் கலந்தால் என்ன’ என்பதும் உயிருக்கு உலை. பெட்ரோலுக்கென்றே செய்த ஸ்டவ்வாக இருந்தாலும், இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது. ரப்பர் வாஷர்கள் ஊறியோ வெடித்தோ இருக்கின்றனவா என்று கிளம்பும் முன் பாருங்கள்.

14. காபி, நூடுல்ஸ், குழந்தைக்குப் பால் என்ற அளவுக்கு ஸ்பிரிட் அடுப்பே போதும். பம்பும் இல்லை, நிப்பிளும் இல்லை, சத்தமும் இல்லை. ஆனால் அதே எடை மண்ணெண்ணெய் தரும் சூட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கிடைக்கும், அதனால் பருப்பு வேகவைக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

15. ஸ்பிரிட்டில் பாத்திரம் கரிபிடித்தால் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து பாருங்கள், கரி குறையும். பகல் வெளிச்சத்தில் அந்தத் தீ கண்ணுக்கே தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மேலே ஊற்றாதீர்கள்; உள்ளங்கையை உயர்த்திப் பிடித்துச் சூடு பார்த்து, ஆறியபின் ஊற்றுங்கள்.

16. கேஸ் டப்பாவில் என்ன கலந்திருக்கிறது என்று படித்து வாங்குங்கள். வெறும் பியூட்டேன் சுழியத்துக்கு அரை டிகிரி கீழே போனாலே ஆவியாகாது. சமவெளிக்கு அது தாராளம். மார்கழியில் ஊட்டி, கொடைக்கானல் என்றால் ஐசோபியூட்டேனோ புரொபேனோ கலந்தது நல்லது, புரொபேன் மைனஸ் 42 டிகிரி வரை தாங்கும். ஏற்கெனவே வாங்கிய டப்பாவை ராத்திரி கம்பளிக்குள் சுருட்டி வையுங்கள். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர்த் தட்டில் நிறுத்தலாம், கொதிக்கிற தண்ணீர் வேண்டவே வேண்டாம்.

17. டப்பாவில் எவ்வளவு மீதி என்று குலுக்கிப் பார்த்துக் குழம்ப வேண்டாம். புதிதாக வாங்கியதும் சமையலறைத் தராசில் வைத்து எடையை மார்க்கரால் டப்பாவிலேயே எழுதுங்கள். அடுத்த முறை நிறுத்தால் குறைந்த கிராம்தான் செலவானது. காற்றில்லாத இடத்தில், மூடி போட்ட பாத்திரத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்கச் சுமார் 15 கிராம் கேஸ் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

18. பெரிய கூட்டத்துக்குக் கேஸ்தான் வேண்டும் என்றால் 5 கிலோ குட்டி சிலிண்டர் வாங்கலாம். இந்தியன் ஆயில் இதைச் ‘சோட்டு’ என்ற பெயரில் விற்கிறது, முகவரிச் சான்று கேட்பதில்லை. தெருமுனையில் திருட்டுத்தனமாக நிரப்பித் தரும் சிலிண்டர் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

19. மண்ணெண்ணெயைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், குழந்தைகள் தெரியாமல் குடித்துவிடும். பூட்டிய மூடி உள்ள கேனில் ஊற்றிப் பெயர் எழுதி ஒட்டுங்கள். டேங்கில் விடும்போது புனலில் வெள்ளைப் பருத்தித் துணி போட்டு வடிகட்டினால் நிப்பிள் அடைப்பு பாதி குறையும். முக்கால் டேங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், காற்றுக்கும் இடம் வேண்டும்.

20. சமைக்கும் முன் பாத்திரத்தின் வெளிப்பக்க அடியில் பாத்திரம் துலக்கும் சோப்பைக் குழைத்துப் பூசிவிடுங்கள். கரி எல்லாம் சோப்போடு வழுக்கிக்கொண்டு போகும். ஊர் ஊராய்ப் போகும்போது தேய்க்க ஆள் கிடைக்காது இல்லையா!

21. மழை வந்தாலும் கூடாரத்துக்குள்ளோ கதவடைத்த வேனுக்குள்ளோ எந்த அடுப்பையும் எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடு வாசனையே காட்டாமல் ஆளைச் சாய்த்துவிடும். காப்புக் காட்டுக்குள்ளும் தீ மூட்டக் கூடாது; அங்கே போகும் நாளுக்குப் புளியோதரை, இட்லிப் பொட்டலம்தான் நமக்குத் தோது.

22. ரயிலில் கேஸ், மண்ணெண்ணெய், ஸ்பிரிட் எதையும் கொண்டுபோகாதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரையில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் 9 பேர் இறந்ததற்கு உள்ளே ஒளித்துக் கொண்டுவந்த சிலிண்டர்தான் காரணம். சட்டப்படி மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. விமானத்திலும் அனுமதியில்லை, ஆகவே போகிற ஊரிலேயே எரிபொருளை வாங்கிக்கொள்ளுங்கள்.

23. பம்பு தண்டு லேசாகப் போய் வந்தும் காற்று ஏறவில்லை என்றால் தோல் வாஷர் காய்ந்துவிட்டது. கழற்றி, ஓரத்தை விரலால் விரித்துவிட்டு, நாலு சொட்டு எண்ணெயில் ஒரு ராத்திரி ஊறவைத்து மாட்டுங்கள். புது வாஷர் செலவு தப்பும்.

24. திரும்பி வந்ததும் காற்றைத் திறந்துவிட்டு, மிச்ச எண்ணெயை வடித்து, பழைய செய்தித்தாளில் ஸ்டவ்வைச் சுற்றி வையுங்கள். பர்னர், மாற்று வாஷர், புனல் மூன்றையும் ஒரே துணிப்பையில் போட்டு ஸ்டவ் காலிலேயே கட்டிவிட்டால், அடுத்த லீவுக்குப் பரண் முழுக்கத் துழாவ வேண்டாம்.