அரிசியும் பருப்பும்

புலால் உண்ணாத நம் குடும்பங்களில் முதியவர் ஒருவர் மெலிந்து தளர்ந்தால், “முட்டையாவது கொடுங்கள்” என்ற அறிவுரை உடனே வந்துவிடுகிறது. வீட்டுப் பெண்கள் கலங்கிப் போகின்றனர். கலங்க வேண்டியதில்லை; ஆனால் காரணம் அறிந்திருத்தல் வேண்டும்.

உண்ட புரதம் அப்படியே உடலிற் சேர்வதில்லை. செரிமானத்தில் அது அமினோ அமிலங்களாகப் பிரிகிறது. அவற்றைக் கொண்டு உடல் தனக்குரிய தசை, ஹீமோகுளோபின், இன்சுலின் ஆகியவற்றைப் புதிதாக ஆக்கிக் கொள்கிறது. ஒரு சொல்லின் எழுத்துகளைக் கலைத்து வேறு சொல் அமைப்பது போன்றது இது. இவ்வமிலங்கள் 20 வகை. அவற்றுள் 9 வகை உணவிலிருந்தே வரவேண்டும். அவற்றில் ஒன்று குறைந்தாலும் மற்றவை முழுப்பயன் தருவதில்லை.

அரிசியில் லைசின் குறைவு, மெத்தியோனின் உண்டு. பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புகிறது. இட்லியில் உளுந்தும் பொங்கலில் பாசிப்பருப்பும் சேர்த்த நம் பாட்டிமார் லைசின் என்ற பெயரைக் கேட்டதில்லை! இரண்டும் ஒரே வேளையிற் சேரவேண்டும் என்பதுமில்லை. ஒரு நாளுணவில் இருந்தாற் போதும். ஆதலின் பொழுது சாயுமுன் உண்டு முடிப்பவர்க்கும் இதனாற் குறையில்லை.

குறை இருப்பது அளவில். 1918இல் குன்னூரில் தோன்றிப் பின்னர் ஐதராபாத்திற்கு மாறிய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2020இல் வெளியான பரிந்துரையில், உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும் என்கிறது. 60 கிலோ எடையுள்ளவர்க்கு ஏறத்தாழ 50 கிராம். தானியம் 3, பருப்பு 1, பால் 2½ என்னும் விகிதம் புரதத்தின் தரத்தை உயர்த்தும் என்பதும் அதன் கருத்து. இனி நம் வீட்டு முதியோரின் தட்டைப் பாருங்கள்: மோர்ச்சோறு, ஊறுகாய், தெளிந்த ரசம். பருப்பு எங்கே? பல் இல்லாதவர்க்குக் குழைய வெந்த பருப்பும், மசித்த சுண்டலும், கெட்டித் தயிரும் கொடுக்கலாமே. பருப்பைக் கருக வறுத்தல் ஆகாது, லைசின் பழுதாகும். சிறுநீரக நோயுள்ளவர்க்கு மட்டும் மருத்துவரைக் கேட்டே அளவு கூட்டுக.

எங்கள் வானூர்ப் பக்கத்தார்க்கு ஒன்று. தைரோசின் என்னும் அமினோ அமிலம் அயோடினுடன் சேர்ந்தே தைராய்டுச் சுரப்பியின் நீர் உண்டாகிறது. தைரோசினை உடல் ஆக்கிக் கொள்ளும், அயோடினை ஆக்காது. மரக்காணத்து உப்பளத்திலிருந்து நேரே வரும் கல்லுப்பில், கடலுப்பேயாயினும், அயோடின் மிகச் சொற்பம். ஊறுகாய்க்கு அதனைக் கொள்வோரும் அன்றாடச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வாங்குக.