கரடுவழி வண்டிக்குப் பெரிய டயர் பூட்டுமுறை

பாதையில்லாவிடத்தும் செல்லுதற்கென்று அமைந்த மோட்டார் வண்டிக்குச் சக்கரம் பெரிதாகுந்தோறும் கல்லையும் பள்ளத்தையும் கடத்தல் எளிதாம் என்பது யாவரும் அறிந்ததே. 1941-ஆம் ஆண்டு முதல் போர்க்களங்களில் ஓடிய வில்லிஸ் ஜீப்பு 6.00-16 என்னும் அளவுள்ள ஒடுக்கமான டயர்களையே அணிந்திருந்தது. இக்காலத்து வண்டி வாங்குவோரிற் பலரோ, ஆலையார் பூட்டியனுப்பிய டயரைக் கழற்றி அதனினும் பெரியதைப் பூட்ட விரும்புகின்றனர். பூட்டிய பின்னர், திரும்புங்கால் டயர் வண்டியின் உடலில் உராயக் கண்டு வருந்துகின்றனர். இவ்வுராய்வு செவிக்கு இன்னாததாவது மட்டுமன்று. டயரின் பக்கச்சுவரை அறுக்கும். பிரேக்குக் குழாயைத் தேய்க்கும். மலை வளைவில் ஸ்டீரிங் முழுதும் திரும்பாவண்ணம் தடுக்கும். உயிரோடு தொடர்புடைய விஷயமாதலின் இதனை முறையே ஆராய்வாம்.

சான்றாகச் சுஸுகி ஜிம்னி என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். இதன் நான்காந் தலைமுறை 2018-இல் ஜப்பானில் வெளிவந்தது. ஐந்து கதவுள்ள வடிவம் 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. ஏணி போன்ற சட்டமும், முன்னும் பின்னும் ஒரே தண்டாக அமைந்த அச்சும், சுருள்வில்லும் இதன் இலக்கணம். இதற்குரிய டயர் 195/80 ஆர் 15. இவற்றுள் முதலெண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அவ்வகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு பக்கச்சுவரின் உயரம் என்பது. மூன்றாவது, இரும்பு வளையத்தின் விட்டம், அங்குலத்தில். ஆகவே பக்கச்சுவர் 156 மி.மீ.; மேலும் கீழுமாக இரண்டு சுவர் 312; வளையம் 381; முழு விட்டம் 693 மி.மீ. ஆகும்.

இனி, 215/75 ஆர் 15 டயரின் விட்டம் 703.5, 235/75 ஆர் 15 டயரின் விட்டம் 733.5. முன்னதைப் பூட்டின் ஆரம் ஐந்து மி.மீ. அளவே கூடும், அகலம் பக்கத்துக்குப் பத்து மி.மீ. கூடும். பின்னதைப் பூட்டின் ஆரம் ஏறக்குறைய 20 மி.மீ., அகலம் பக்கத்துக்கு 20 மி.மீ. கூடும். வண்டி தரையினின்று உயர்வதும் ஆரம் கூடிய அளவேயன்றி விட்டம் கூடிய அளவன்று. பெரிய டயரினால் நாம் பெறும் உயர்வு இவ்விரண்டு சென்டிமீட்டரே என்பதை முதலில் உளங்கொள்ளல் வேண்டும்.

உராய்வு எங்கே நிகழும்? வலப்புறம் முழுதும் திருப்பினோம் என்க. வலச் சக்கரத்தின் பின்விளிம்பு உட்புறம் வந்து, அச்சைத் தாங்கும் நீண்ட கையையோ சட்டத்தையோ நெருங்கும். அதன் முன்விளிம்பு வெளிப்புறம் சென்று பம்பரின் மூலையைத் தொடும். இடச் சக்கரத்தின் பின்விளிம்போ வெளிப்புறம் சென்று மட்கார்டின் பின்மூலையைத் தொடும். இவை திரும்புவதால் வரும் உராய்வு. பள்ளத்தில் விழுந்து வில் அமுங்குங்கால் டயர் மட்கார்டின் கூரையைத் தொடுவது மற்றொரு வகை. இரண்டும் ஒருங்கே நிகழ்வதே கொடியது. கரடுவழியில் நிகழ்வதும் அதுவே.

உட்புற நெருக்கத்தை நீக்கச் சிலர் சக்கரத்தை வெளிப்புறம் தள்ளுவர். ஜிம்னியின் வளையம் ஐந்து மி.மீ. ஆப்செட்டு உடையது, இதனை ஐந்து குறையாக்கினால் சக்கரம் பத்து மி.மீ. வெளியே வரும். 235 அகல டயருக்கு உட்புறம் இழந்த 20-இல் 10 மீளும்; ஆனால் வெளிப்புறம் 20-க்கு 30 ஆகும். திரும்பும் முளையினின்று சக்கரம் விலக விலக, அது திரும்புங்கால் வரையும் வட்டம் பெரிதாகிப் பம்பரையும் மட்கார்டையும் முன்னிலும் வலிதிற் தாக்கும். ஆகவே ஒருபுறத்து நோயை மறுபுறம் மாற்றுவதே இது. அளவறிந்து செய்தாலன்றிப் பயனில்லை.

நெடிய வில் பூட்டி வண்டியை உயர்த்தினால் உராய்வு ஒழியும் என்பது பெருவழக்கான எண்ணம். இது பாதியே உண்மை. நிற்கும்போது இடைவெளி கூடும் என்பது மெய். வில் முற்றும் அமுங்கினால் அச்சு முன் ஏறிய இடத்துக்கே ஏறும். அதனைத் தடுப்பது வில்லன்று, பம்ப் ஸ்டாப்பு என்னும் ரப்பர் முட்டே. டயரின் ஆரம் கூடியதற்கேற்ப அம்முட்டை நீட்டினாலன்றிக் கூரையுராய்வு தீராது. மேலும், அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் குறுக்குத்தண்டு வட்டப்பாதையில் அசைவதாதலின், வண்டி உயர அச்சு ஒருபுறம் நகரும். ஒரு சக்கரம் உராய மற்றது உராயாதிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உயர்த்துதலால் முன்னச்சின் காஸ்டர்க் கோணமும் குறைந்து, திருப்பிய ஸ்டீரிங் தானே நேராகும் இயல்பு தளரும். இவ்விரண்டையும் உடன் திருத்துதல் வேண்டும்.

சோதிக்கும் முறை எளிது. முதலில் சமதரையில் இருபுறமும் முழுதும் திருப்பிப் பார்க்க. பின்னர் வில்லைக் கழற்றி, வண்டியை உறுதியான தாங்கிகளில் நிறுத்தி, அச்சை ஜாக்கியால் முட்டும்வரை உயர்த்தித் திருப்பிப் பார்க்க. ஒருபுறம் மட்டும் உயர்த்தியும் பார்க்க. ஐயமுள்ள இடங்களில் ஈரக் களிமண் அப்பிவைத்தால், டயர் பதித்த சுவடே இடைவெளியை அளந்து காட்டும்.

மருந்தும் சிறியதினின்று பெரியதற்குச் செல்லுதல் வேண்டும். பிளாஸ்டிக்கு உள்ளுறையை வெப்பக்காற்றால் இளக்கிப் பின்தள்ளலாம். பம்பரின் கீழ்மூலையை அறுக்கலாம். மட்கார்டின் பற்றுவைத்த தகட்டு விளிம்பை மடக்கித் தட்டித் துருவேறாதபடி வர்ணம் பூசலாம். ஸ்டீரிங்கின் எல்லைத் திருகைச் சிறிது நீட்டலாம். ஆனால் வண்டி திரும்பும் வட்டம் பெரிதாகும். இவையும் போதாவிடத்தே முட்டு நீட்டலும் வில் உயர்த்தலும் தகும்.

உராய்வு நீங்கினும் கடன் தீர்ந்ததன்று. 733.5 விட்டமுள்ள டயரோடு, முன்பு சரியாகக் காட்டிய வேகமானி 60 எனக் காட்டுங்கால் வண்டி 63.5 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். எஞ்சினின் இழுவையும் பிரேக்கின் பிடிப்பும் தரையில் நூற்றுக்கு ஐந்துக்குமேல் குறையும். பின்கதவில் தொங்கும் மாற்றுச் சக்கரத்தின் பாரம் கீலை வருத்தும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிற் கண்ட விவரங்கள் ஆலையார் முதற்கண் குறித்தவற்றின் வேறுபடுமாறு வண்டியை மாற்றலாகாது என்கின்றது. அதனையும் முன்னரே நோக்குதல் நன்று.

விரலுக்கேற்ற வீக்கம் என்பர் நம் பெரியோர். நம் மாணவரிற் பெரும்பாலோர்க்கு 215 அகலமுள்ள டயரே போதுமென்பது எம் கருத்து. அதனினும் பெரியதை விரும்புவோர், கோபுரங் கட்டுமுன் செலவை எண்ணிப் பார்க்கும் சுவிசேஷ உவமையை நினைவு கூர்ந்து, டயரை வாங்குமுன் அளவுகோலை எடுப்பாராக.