எந்த கியர் போயிருக்கிறது?

பழைய ஷெவர்லே பிக்கப் ஒன்று ஆக்ஸிலேட்டரை மிதித்தும் நகர மறுத்தால், ‘கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும்’ என்பார்கள். சாவியைக் கொடுக்க அவசரப்படாதீர்கள். 1993இல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப்களில் பொருத்தத் தொடங்கிய 4எல்60-இ என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி, தன் நோயைத் தானே சொல்லிவிடும். எந்த கியர் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டால் போதும்.

முதலில் ஆயில். இருபது நிமிடம் ஓட்டி, சமதளத்தில் நிறுத்தி, லீவரை பார்க்கில் வைத்து, இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போதே டிப்ஸ்டிக்கை எடுக்க வேண்டும். இன்ஜின் ஆயில் பார்க்கிற பழக்கத்தில் வண்டியை அணைத்துவிட்டுப் பார்த்தால் அளவு தப்பாகத் தெரியும். ஆயில் தெளிந்த சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்து, கருகிய வாடை அடித்தால் கிளட்ச் பிளேட்டுகள் எரிந்திருக்கின்றன. புது ஆயில் அவற்றைப் பிழைக்க வைக்காது. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் ஒழுகி, தண்ணீர் கலந்துவிட்டது. அதற்குமேல் ஓட்டாதீர்கள். குறைந்திருந்தால் டெக்ஸ்ரான் 6 ஊற்றலாம். பழைய டெக்ஸ்ரான் 3க்கு அது மாற்றுதான்.

அடுத்து மின்சாரம். வண்டி சோம்பலாகக் கிளம்பி, கியரே மாறாமல் ஒரே இழுவையில் போகிறதா? இரண்டு ஷிப்ட் சோலினாய்டுக்கும் கரண்ட் போகாவிட்டால் இந்தப் பெட்டி மூன்றாம் கியரில்தான் நிற்கும். பியூஸையும், பெட்டியின் வலப்பக்கம் இருக்கும் வட்டக் கனெக்டரையும் பாருங்கள். ஒரு பியூஸுக்காகப் பெட்டியைப் பிரித்தவர்கள் உண்டு. 1996க்குப் பிந்தைய வண்டியில் ஸ்கேனரையும் மாட்டிப் பார்க்கலாம். பி1870 வந்தால் கன்வெர்ட்டர் கிளட்ச் நழுவுகிறது என்று பொருள். பெரும்பாலும் வால்வ் பாடியில் துளை தேய்ந்திருக்கும். பெட்டியை இறக்காமலே சரிசெய்ய முடியும்.

இப்போது சாலைக்கு வாருங்கள். ஆளில்லாத ரோடாகப் பார்த்து, மெதுவாகக் கிளம்பி ஒவ்வொரு மாற்றத்தையும் காதால் எண்ணுங்கள். ஆர்பிஎம் மீட்டர் இருந்தால் இன்னும் வசதி.

முதலும் இரண்டும் சரி, மூன்றுக்கு மாறும்போது நியூட்ரலில் விழுந்ததுபோல இன்ஜின் அலறுகிறது, ரிவர்ஸும் சரி என்றால், எரிந்தது 3-4 கிளட்ச். இந்தப் பெட்டியின் பழைய வியாதி இது. இரண்டும் நான்கும் இல்லை, ரிவர்ஸும் இல்லை, ஆனால் முதலும் மூன்றும் நன்றாக இழுக்கின்றன என்றால் சன் ஷெல் என்ற கிண்ணம் உடைந்திருக்கிறது. அந்த மூன்று கியருக்கும் சன் கியரைப் பிடிப்பதும் சுற்றுவதும் அந்த ஒரே கிண்ணம் வழியாகத்தான். இரண்டும் நான்கும் மட்டும் போய் ரிவர்ஸ் இருந்தால் ஷெல்லைச் சந்தேகிக்க வேண்டாம்; 2-4 பேண்டையோ, அதை இறுக்கும் சர்வோவையோ பாருங்கள். ரிவர்ஸ் போட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகாது. அதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சுமார் 70 கிலோமீட்டர் வேகத்தில், லேசான ஆக்ஸிலேட்டரில் வண்டி உதறினால், ஆக்ஸிலேட்டரை அப்படியே வைத்து, இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுங்கள். கன்வெர்ட்டர் கிளட்சின் பிடி (லாக்கப்) விடுபடும். உதறல் நின்றால் கோளாறு கன்வெர்ட்டர் கிளட்சில். நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக், வயர் பக்கம் போங்கள்.

உங்களுடையது 1982இல் வந்த 700ஆர்4 பெட்டி என்றால், இதற்கெல்லாம் முன்பு கார்பரேட்டரிலிருந்து வரும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிளைப் பாருங்கள். அது தளர்ந்தால் ஆயில் அழுத்தம் குறைந்து பிளேட்டுகள் சீக்கிரம் எரிந்துவிடும்.

கடைசியாக அடித்தட்டைக் கழற்றுங்கள். வண்டி ஸ்டாண்டில் நிற்க வேண்டும், ஜாக்கை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஆயில் ஆறியிருக்கவும் வேண்டும். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருப்பது இயல்பு. உலோகத் துண்டுகளோ பித்தளைச் செதில்களோ கிடந்தால் இயல்பல்ல. பில்டரை மாற்றி, சுமார் நாலே முக்கால் லிட்டர் ஊற்றி, சூடானதும் மறுபடி அளந்து பாருங்கள்.

3-4 கிளட்சோ ஷெல்லோ போயிருந்தால் பெட்டி இறங்கித்தான் ஆக வேண்டும். அப்போது அந்தத் தாளை மெக்கானிக்கிடம் கொடுத்து, கெட்டிப்படுத்திய ஷெல்லைப் போடச் சொல்லுங்கள். பழையதே நன்றாக இருந்தாலும்கூட.